ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு விசில்

நான் படித்த பள்ளி குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்தப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கப் புறப்பட்டோம். ஏ.சி.சி.யைப் பற்றி நான் எழுதித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். அலுவலக அறையின் பழைய பீரோவில் இருந்த ஆண்டு விழா மலர்கள், வருகைப் பதிவேடுகள், சுற்றறிக்கைக் கோப்புகள் எல்லாவற்றையும் இரண்டு நாள் புரட்டினேன். ஏ.சி.சி. என்ற மூன்று எழுத்து ஒரே ஒரு இடத்தில்தான் கிடைத்தது. ஸ்டாக் ரிஜிஸ்டர். பெல்ட் 60, தொப்பி 60, கொடிக்கம்பு 2, விசில் 1. பக்கத்தில் சிவப்பு மையில் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று எழுதி, 1965ஆம் ஆண்டுத் தேதி போட்டிருந்தது. பெல்ட்டுக்குக் கணக்கு இருந்தது. பெல்ட் கட்டிய அறுபது பையன்களின் பெயர் எங்கும் இல்லை. அந்த அறுபதில் நானும் ஒருவன்.

இன்றைய பிள்ளைகளுக்கு என்.சி.சி. தெரியும். ஏ.சி.சி. என்றால் பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. ஆக்ஸிலரி கேடட் கோர் என்பது அதன் பெயர். துணை மாணவர் படை என்று சொல்லலாம். என்.சி.சி. எல்லாப் பள்ளிக்கும் எட்டவில்லை. இடமும் குறைவு, ராணுவத்திலிருந்து வர வேண்டிய பயிற்சியாளர்களும் குறைவு. அது போகாத பள்ளிகளுக்காக 1950களின் தொடக்கத்தில் ஏ.சி.சி. வந்தது. அதில் துப்பாக்கி கிடையாது. அணிவகுப்பு, உடற்பயிற்சி, முதலுதவி, ஊர்ப்பணி, அவ்வளவுதான். பயிற்சி கொடுத்தது பள்ளி ஆசிரியர்களே.

எங்களுக்குப் பூகோள வாத்தியார். 1963இல் எட்டாம் வகுப்பில் இருந்த நான் பெயர் கொடுத்தேன். சீனப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். ஊரில் எல்லாப் பையனுக்கும் வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஆசை. வாரத்தில் இரண்டு நாள் மாலை மணி அடித்ததும் மைதானத்தில் ஃபாலின். பாதிப் பேருக்குக் காலில் செருப்பில்லை. தொப்பியும் பெல்ட்டும் பள்ளியுடையவை. பெரேடு முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மிராசுதார் வீட்டுப் பையனும் அவர்கள் வயலில் நாற்றுப் பறிக்கும் வீட்டுப் பையனும் உயர வரிசைப்படி நின்றார்கள். எங்கள் ஊரில் அப்படி நிற்க வேறு இடம் இருக்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் படித்துறையில் கயிறு கட்டிக் காவல் நிற்கும் வேலையும் எங்களுக்கு வந்தது.

1965இல் ஒரு திங்கட்கிழமை வாத்தியார் எங்களை வரிசையில் நிற்க வைத்து, இனி ஏ.சி.சி. இல்லை என்றார். புதிய திட்டத்தின் பெயர் நேஷனல் ஃபிட்னஸ் கோர். எல்லா மாணவர்களுக்கும் டிரில் மாஸ்டரே பயிற்சி தருவார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விளக்கினார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுவும் ஸ்டாக்கில் இருந்தது.

அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த கதையை நான் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் ஒரு காலத்தில் தலைமை வகித்த இந்திய ஊழியர் சங்கத்துக்கு, 1936இலிருந்து தலைவராக இருந்தவர் அலகாபாத்தைச் சேர்ந்த ஹிருதயநாத் குன்ஸ்ரு. மாணவர் படை எப்படி அமைய வேண்டும் என்று ஆராய 1946இல் அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்தே 1948ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டம் பிறந்தது. அதற்கு முன் கல்லூரிகளில் இருந்த படை 1917இல் யுனிவர்சிட்டி கோர் என்று தொடங்கி, 1920இல் பயிற்சிப் படையாகி, 1942இல் அதிகாரிப் பயிற்சிப் படை என்று பெயர் மாறியிருந்தது. அதன் இடத்தில்தான் என்.சி.சி. வந்தது. அப்படிப் பார்த்தால் என்.சி.சி.யின் பிறப்பிலேயே ஒரு பழைய படையின் முடிவு இருக்கிறது.

அதன் பிறகு திட்டங்கள் பெருகின. ஒரு பக்கம் ஏ.சி.சி. இன்னொரு பக்கம், நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் இருந்த ஜெனரல் போன்ஸ்லே 1954இல் டில்லியில் அகதிக் குழந்தைகளிடையே தொடங்கிய தேசிய ஒழுங்குத் திட்டம். இவற்றுக்கு நடுவே பள்ளியின் வழக்கமான உடற்பயிற்சிப் பாடம். ஒரே மைதானம், ஒரே பையன், மூன்று திட்டம். இவற்றை ஒருங்கிணைக்க வழி சொல்ல 1959இல் மறுபடியும் ஒரு குழு அமைந்தது. அதற்கும் தலைவர் குன்ஸ்ருவே. அந்தக் குழு சொன்ன வழியில்தான் 1965இல் மூன்றும் ஒன்றாயின. கல்லூரிகளிலும் அதே காலத்தில் இணைப்பு நடந்தது. 1960இல் வந்த என்.சி.சி. ரைஃபிள்ஸ் 1964இல் என்.சி.சி.யோடு சேர்ந்தது.

குன்ஸ்ரு சொன்ன காரணம் சரியானது. ஒரே வேலையை மூன்று துறைகள் செய்வது வீண்தான். ஆனால் இணைப்புக்குப் பிறகு எங்கள் பள்ளியில் நடந்ததை நான் பார்த்தேன். எல்லாருக்கும் டிரில் என்றானபோது தானாகப் பெயர் கொடுத்து வந்து நிற்பது போயிற்று. பூகோள வாத்தியார் மாலை நாலரைக்கு வீட்டுக்குப் போகத் தொடங்கினார். படித்துறையில் கயிறு கட்ட ஆள் இல்லை.

1967இல் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தேன். 1963இலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம். மொடமொடவென்று கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, பிராஸோ போட்டுத் தேய்த்த பக்கிள், பெரேடு முடிந்தால் பூரி கிழங்கு. மொழிப் போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற கட்டளைகள் பல பேர் காதில் முள்ளாகக் குத்தின. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களும் இடம்பெற்றன. அதே ஆண்டில் நாடு முழுவதும் கட்டாயம் நீங்கி, விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றானது. அடுத்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கட்டாயத்துக்கு வந்து நின்றவர்கள் கலைந்தார்கள். விரும்பியவர்கள் நின்றோம்.

பிறகு நானும் ஆசிரியரானேன். நாகபுரிக்குப் பக்கத்தில் காம்ப்டியில் மூன்று மாதம் பயிற்சி பெற்று, 1984இல் ஒரு பள்ளியில் என்.சி.சி. ட்ரூப்பை ஏற்றேன். இருபத்து நான்கு ஆண்டு. 2008இல் நான் ஓய்வு பெற்றபோது அந்தப் பொறுப்புக்கு வர யாரும் முன்வரவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளியில் ட்ரூப் நிற்காது. என்.சி.சி. கேட்டுக் காத்திருக்கும் பள்ளிகளோ ஏராளம். எங்கள் இடம் வேறொரு பள்ளிக்குப் போயிற்று. அங்கே நூறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கணக்கில் ஒன்றும் குறையவில்லை.

1948இல் 20,000 பேரோடு தொடங்கிய படை 17 லட்சத்தைத் தாண்டி, 20 லட்சத்தை நோக்கிப் போகிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் நாட்டுக் கணக்கு வளரும்போதே ஓர் ஊரின் கணக்கு முடிந்துபோகிறது. ஒரு பள்ளியில் அண்ணன் சேர்ந்ததைப் பார்த்துத் தம்பி சேர்ந்த வரிசை, அடுத்த ஊருக்கு மாற்றினால் கூடவே போவதில்லை. அங்கே அது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படைகளை மூடக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மூடும் காரணங்கள் பல நேரம் நியாயமானவை. மூடும்போது தொப்பியையும் பூட்ஸையும் எண்ணுகிற அக்கறையோடு, பிள்ளைகளின் பெயரையும் எழுதி வையுங்கள் என்றுதான் தலைமையாசிரியர்களைக் கேட்கிறேன். நாமினல் ரோல் பட்டாலியனுக்குப் போகட்டும். ஒரு நகல் பள்ளியில் இருக்கட்டும். அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

2008 மே மாதம் கிட்டங்கியைக் காலி செய்வதற்கு முன் நான் அதைச் செய்தேன். இருபத்து நான்கு ஆண்டின் பெயர்களை ஆண்டு வாரியாக எழுதி, பள்ளி நூலகத்தில் வரிசை எண் போடச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது குளித்தலைப் பக்கத்துப் பள்ளிக்காக இன்னொரு பட்டியல் போடுகிறேன். அறுபது பேரில் இதுவரை முப்பத்தேழு பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது. மீதிக்காக என்னோடு அன்று நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய்வருகிறேன்.