மணலில் கோடு, பனியில் வாயில்

அமெரிக்காவில் அரசு நிலத்துக்குள் பொழுதுபோக்காக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், அதே நிலத்துக்கு நடக்கவும் பறவை பார்க்கவும் சும்மா உட்காரவும் வருகிறவர்களுக்கும் நடக்கிற சண்டைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1972இல் அதிபர் நிக்சன் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். வண்டிகளுக்கு இடம் ஒதுக்கும்போது மண்ணுக்கும் செடிகொடிக்கும் விலங்குக்கும் சேதம் குறைய வேண்டும், மற்ற பயனாளிகளோடு மோதலும் குறைய வேண்டும் என்றது அது. 1977இல் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். எந்த வழியில் குறைப்பது என்பதை மட்டும் அந்தந்த இடத்து அதிகாரிகளிடம் விட்டுவிட்டார்கள். அதனால் இடத்துக்கு ஒரு வழி பிறந்தது. அவற்றில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டை இங்கே பார்க்கலாம்: கலிபோர்னியாவின் அல்கோடோனஸ் மணல்மேடுகள், வயோமிங் பக்கத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பனிக்காலம்.

அல்கோடோனஸ், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவனத்தில் சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மணல் பட்டை. அகலம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத்தான். சில மேடுகள் 90 மீட்டர் உயரம். எப்போதோ வற்றிப்போன கஹுயா ஏரியின் கரைமணலைக் காற்று வாரிக் குவித்தது என்கிறார்கள். நம் தேரிக்காட்டைப் பார்த்தவர்கள் அதன் செந்நிறத்தை வெளுக்கவைத்து, பனைகளைப் பிடுங்கிவிட்டு, பல மடங்கு உயர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மணலுக்கு மோட்டார் புதிதல்ல. 1915இல் மரப்பலகைகளைப் பிணைத்து மணல்மேல் ஒரு சாலையே போட்டார்கள். 1926இல் நிரந்தரச் சாலை வரும்வரை கார்கள் பலகைமேல்தான் ஊர்ந்தன.

இங்கே மோதலுக்குக் கண்ட தீர்வு ஒரு கோடு. மணல்மேட்டைக் குறுக்கே வெட்டிப்போகிறது 78ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்கு வடக்கே சுமார் 26,000 ஏக்கரை 1994இல் கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் வனாந்தரப் பகுதியாக அறிவித்தது. அங்கே எந்த எஞ்சினுக்கும் இடமில்லை. நடந்து போகலாம், குதிரையில் போகலாம். சாலைக்குத் தெற்கே வண்டிக்காரர்களின் ராஜ்யம். கிளாமிஸ் என்று இந்தப் பகுதியைச் சொன்னால் அமெரிக்க மேற்கில் மணல் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து கூடாரமடித்த ஆண்டுகள் உண்டு. ஏடிவி, டூன் பக்கி, சாண்ட் ரெயில் என்று அடுக்கடுக்காக வண்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் நெடிய கம்பி, அதன் நுனியில் கொடி. கொடி அழகுக்கு அல்ல. மேட்டின் அந்தப் பக்கம் ஏறி வருகிறவன் கண்ணில் படத் தரையிலிருந்து எட்டு அடிக்குக் குறையாத உயரத்தில் அது ஆட வேண்டும் என்பது விதி. முகட்டில் இரண்டு வண்டி நேருக்கு நேர் சந்தித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி அது.

யெல்லோஸ்டோனில் கோடு போட முடியவில்லை. குளிர்காலத்தில் பூங்காவின் உட்சாலைகள் பெரும்பாலும் பனி மூடிக் கிடக்கும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பனி இறுகிய சாலையில் வந்துதான் ஆக வேண்டும். எஞ்சினில் வருகிறவரும் அதே வழி, பனிச்சறுக்குக் கட்டைகளோடு அமைதி தேடி வருகிறவரும் அதே வழி. 1963இல் ஸ்னோமொபைல் என்ற மோட்டார் பனிவண்டிகள் முதன்முதலாக உள்ளே நுழைந்தன. முப்பது ஆண்டுகளில் ஒரு குளிர்காலத்துக்கு 60,000 பேருக்கு மேல் அவற்றில் வந்தார்கள். நெரிசலான நாள்களில் ஆயிரம் வண்டிக்கு மேல். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் குடித்த எரிபொருளில் கணிசமான பங்கை எரிக்காமலே புகையோடு துப்பும். மேற்கு வாயிலில் வரிசையாக நின்று உறுமும் வண்டிகளின் புகையில் சீட்டு கொடுக்கும் ஊழியர்களுக்குத் தலைசுற்றியது. அவர்களுடைய கூண்டுக்குள் குழாய் வைத்துச் சுத்தமான காற்றை அனுப்பினார்கள். அதுவும் போதாமல் 2002இல் ஊழியர்கள் சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். உலகின் முதல் தேசியப் பூங்காவின் வாசலில் அப்படி ஒரு காட்சி! பத்திரிகைகள் அதை விடவில்லை.

வழக்குக் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் சுவாரசியம் குறைவு, சுற்று அதிகம். 1996-97 கடுங்குளிரில் பூங்காவை விட்டு வெளியேறிய காட்டெருமைகள் ஆயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டன. வண்டிகளுக்காக இறுக்கப்பட்ட சாலைகளே அவற்றுக்கு வெளியேறும் வழியாகின்றன என்று விலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். கிளின்டன் அரசு ஸ்னோமொபைலைப் படிப்படியாக நீக்க முடிவெடுத்தது. புஷ் அரசு அதைத் திருப்பியது. வாஷிங்டன் நீதிபதி ஒருவர் தடையை மீட்டார்; சில வாரங்களில் வயோமிங் நீதிபதி ஒருவர் அந்தத் தடையை நிறுத்தினார். அடுத்த பத்தாண்டில் ஒரு நாளைக்கு 720, பிறகு 540, பிறகு 318 என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்தது. 2013இல்தான் நிலையான விதி வந்தது. நான் நின்று பார்க்க விரும்புவது அந்த விதியைத்தான்.

அதுவரை எல்லோரும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பூங்காக்காரர்களோ காட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, எஞ்சின் சத்தம் காதில் விழும் நேரம் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு வந்தார்கள். அதில் தெரிந்தது இது: பத்து வண்டி தனித்தனியே பத்து முறை கடந்தால், சறுக்கிப் போகிறவரின் அமைதி பத்து முறை உடைகிறது. பத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே குழுவாகக் கடந்தால் சத்தம் அந்த நேரத்துக்குச் சுமார் 10 டெசிபெல் கூடும். ஆனால் ஒரு முறையோடு ஒழிந்தது. அதற்குப் பின் வரும் நீண்ட மௌனம் உடையாமல் கிடைக்கும். இன்னொன்றும் தெரிந்தது. பனிவண்டிக்கு மாற்று என்று எல்லோரும் போற்றிய ஸ்னோகோச், அதாவது பனியில் ஓடும் வேன், சில சமயம் புது ஸ்னோமொபைலைவிட அதிகமாக இரைந்தது.

ஆகவே 2013 விதி வண்டிகளை விட்டுவிட்டு, கடந்துபோகும் நிகழ்வுகளை எண்ணியது. ஒரு ஸ்னோகோச் ஒரு நிகழ்வு. பத்துக்கு மிகாத ஸ்னோமொபைல் குழு ஒரு நிகழ்வு. பருவம் முழுவதும் பார்த்தால் குழுவின் சராசரி ஏழைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் 110 நிகழ்வு, அதில் ஸ்னோமொபைல் குழுக்களுக்குப் பாதிக்கும் குறைவு. வண்டி எவ்வளவு புகை விடலாம், எவ்வளவு இரையலாம் என்பதற்கும் வரம்பு. குழுவுக்கு முன்னால் வழிகாட்டி போக வேண்டும். மோதலின் அலகையே மாற்றி வைத்த இந்த யோசனை, இந்தத் துறையில் வந்தவற்றில் மிகக் கூர்மையானது என்பது என் கருத்து. அமைதி விரும்புகிறவருக்கு உண்மையில் இடைஞ்சல் எது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

டெசிபெல் எண்களை வைத்து இரண்டு இடங்களையும் ஒப்பிடப் போகிறவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1986 முதல் செய்யப்பட்ட ஆஃப்ரோடு வண்டிக்கு ஒலி வரம்பு 96 டெசிபெல். யெல்லோஸ்டோனில் ஸ்னோமொபைலுக்கு 67. முதல் பார்வைக்கு ஒன்று இடி, மற்றது முணுமுணுப்பு. ஆனால் 96 என்பது நிற்கிற வண்டியின் சைலன்சருக்கு அரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. 67 என்பது ஓடுகிற வண்டிக்கு 15 மீட்டர் தள்ளி அளப்பது. தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபெல் இறங்கும். அரை மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து இரட்டிப்பு. முப்பதைக் கழித்தால் 96 என்பது 66 ஆகிவிடுகிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்! வித்தியாசம் ஓட்டத்தில் இருக்கிறது. மணல்மேட்டு வண்டியை அளக்கும்போது எஞ்சின் பாதிச் சுழற்சியில் இருக்கும். தொண்ணூறு மீட்டர் மேட்டில் ஏறுகிறவன் ஆக்சிலரேட்டரைப் பாதியோடு நிறுத்தினால் நடுவிலேயே புதைந்துவிடுவான். பனிச்சாலையில் வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போகிறவனுக்கு முழுசாக முறுக்க வாய்ப்பே இல்லை. சட்டத்தின் எண் அங்கும் இங்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், காதுக்கு வருவது வேறு வேறு.

கோடு போட்டுப் பிரித்தால் வண்டிக்காரருக்கு வண்டிக்காரராகவே இருக்க முடிகிறது. கிளாமிஸில் அவர் போகும் திசையை அவரே முடிவு செய்கிறார். மேட்டின் மறுபுறம் இறங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை மைல் வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். யெல்லோஸ்டோன் அந்தச் சுகத்தைக் கழற்றிவிட்டது. அங்கே ஸ்னோமொபைல் என்பது கைப்பிடி வைத்த சுற்றுலாப் பேருந்து. 2004இல் வழிகாட்டி கட்டாயமான பிறகு எண்ணிக்கை விழுந்தது. நாளைக்கு முந்நூறைக்கூட எட்டாத சராசரி. பழைய ஓட்டுநர்கள் எங்கே போனார்கள்? வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரைச் சுற்றிய தேசிய வனங்களில் நூற்றுக்கணக்கான மைல் பனித்தடம் இருக்கிறது. அங்கே வழிகாட்டி வேண்டாம், வரிசை வேண்டாம். பூங்காவின் அமைதி ஓரளவுக்கு அண்டை வனத்தின் இரைச்சலில் வாங்கப்பட்டது என்று சொன்னால் பூங்காக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டின் குறை வேறு. கோடு சக்கரத்தைத்தான் நிறுத்தும், சத்தத்தை நிறுத்தாது. சாலைக்கு அந்தப் பக்கம் முழு வேகத்தில் ஏறும் எஞ்சினுக்கு, இந்தப் பக்கத்து மணல் வனாந்தரம் என்று தெரியுமா? போதாததற்கு, வனாந்தரப் பகுதிக்கும் வடக்கே மாமத் வாஷ் என்ற துண்டு மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அமைதிக்கென்று ஒதுக்கிய நிலம் இரண்டு பக்கமும் எஞ்சினால் இடுக்கப்பட்டுக் கிடக்கிறது. அங்கே நடப்பவர்களும் குறைவு. குடிநீர் கிடையாது, நிழல் கிடையாது, போட்டுவைத்த பாதை கிடையாது. சட்டம் அமைதிக்கு நிலம் கொடுத்தது. அமைதி தேடும் ஆள்களுக்கு அங்கே போக ஒரு காரணத்தைக் கொடுத்ததா என்பது கேள்விக்குறிதான். அந்த வடபகுதியால் நிஜமாகப் பயனடைந்தவை பல்லிகளும் செடிகளும்.

செடி என்றதும் பியர்சன் மில்க்வெட்ச் ஞாபகம் வரும். அமெரிக்க மண்ணில் இந்த மணல்மேட்டை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. 1998இல் அது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2000இல் சூழல் அமைப்புகள் வழக்குப் போட, சமரசமாகத் தெற்கே மேலும் சுமார் 49,000 ஏக்கர் மூடப்பட்டது. வண்டிக்காரர்கள் கொதித்தார்கள். மணல்மேட்டுக்கென்று 2013இல் வந்த திட்டத்தில் அதில் பெரும்பகுதி திரும்பத் திறக்கப்பட்டு, செடிக்கு இன்றியமையாத சுமார் 9,000 ஏக்கர் மட்டும் மூடியே வைக்கப்பட்டது. செடி விஷயத்தில் கோடு நன்றாகவே வேலை செய்கிறது. செடிக்கு எமன் சக்கரம். சக்கரத்தைக் கோடு தடுக்கும். நடப்பவருக்கு எமன் ஒலி. அதைக் கோடு தடுக்காது. இரண்டு எதிரிக்கும் ஒரே ஆயுதத்தைக் கொடுத்ததுதான் அல்கோடோனஸின் தவறு.

இந்தச் சண்டையில் சரிபாதிப் பங்கு என்பது ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1982இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பனிச்சறுக்குக்காரர்களையும் ஸ்னோமொபைல்காரர்களையும் ஜாக்சன், வாங் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். வெறுப்பு ஒருவழிச் சாலையாக இருந்தது. சறுக்குபவருக்கு வண்டிக்காரர் பெருந்தொல்லை. வண்டிக்காரருக்குச் சறுக்குபவரால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எனவேதான் வண்டிக்காரர் எப்போதும் ‘சேர்ந்தே இருப்போமே’ என்கிறார், நடப்பவர் ‘பிரித்துவிடுங்கள்’ என்கிறார். சேர்ந்திருப்பதால் இழப்பு ஒருவருக்கு மட்டுமே என்றால், சேர்ந்திருப்பது நியாயம் போலத் தோன்றினாலும் நியாயமல்ல.

அப்படியானால் யெல்லோஸ்டோன் வழியை மணலுக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். முடியாது. யெல்லோஸ்டோனில் பனிக்காலத்தில் எஞ்சின் நுழைய நான்கே வாயில். ஒவ்வொன்றிலும் ஆள் நிற்கிறார், எண்ணுகிறார், வண்டியின் சான்றைப் பார்க்கிறார். உள்ளே போனாலும் சாலையை விட்டு விலக அனுமதி இல்லை. கோடையில் கார் ஓடும் அதே தார்ச்சாலைதான் பனிக்கடியில் கிடக்கிறது. அல்கோடோனஸில் வாயில் ஏது? எழுபது கிலோமீட்டர் திறந்த மணலில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஏறலாம். விடுமுறைக் கூட்டத்தில் நிகழ்வுகளை எண்ண ஆரம்பித்தால் எண்ணுகிறவருக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். அந்த நிலத்தை நிர்வகிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தால் முடிந்தது கட்டணச் சீட்டு, கொடிக்கம்பி, கூடாரங்களுக்கு ஐம்பது அடிக்குள் மணிக்கு 15 மைல் வேகம். வாயில் இல்லாத இடத்தில் வண்டியைத் திருத்துவது கடினம், கோடு போடுவது எளிது. வாயில் உள்ள இடத்தில் தலைகீழ். மணலில் இன்னும் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால், கோட்டை ஒட்டிய முதல் சில கிலோமீட்டரில் மட்டுமாவது ஒலி வரம்பை இறக்கி, அதை ஓடும் வண்டியில் அளந்து கண்காணிப்பது. அதற்குக்கூட ஆள்பலம் வேண்டும்.

யெல்லோஸ்டோன் விதியில் ஒரு சிறிய விதிவிலக்கு இருக்கிறது. இந்தச் சர்ச்சையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு நாளைக்கு ஒரு வாயிலுக்கு ஒரே ஒரு குழு, ஐந்து வண்டிக்கு மிகாமல், கூலி வழிகாட்டி இல்லாமல் தானே போகலாம். குலுக்கலில் சீட்டு விழ வேண்டும். முன்கூட்டியே ஒரு பாடம் படித்துத் தேறியிருக்க வேண்டும். வண்டி புகைக்கும் ஒலிக்குமான வரம்புக்குள் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் யார் வேண்டுமானாலும் முறுக்கிக்கொண்டு போன அதே பனிச்சாலையில், இன்று ஒரு நாளைக்கு நான்கு குழுவை நம்பி விடுகிறார்கள். தெற்கே கிளாமிஸில் சீட்டு வாங்கிய அத்தனை பேரையும் நம்பி விட்டிருக்கிறார்கள். நான்கு என்பது மிகக் கஞ்சத்தனம் என்று ஓட்டுநர் சங்கங்கள் சொல்கிற குறையில் நியாயம் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி சம்மதித்தால் அதை எட்டாக்கிப் பார்ப்பதில் பூங்காவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.