தொல்லியல் கோட்பாடு

மண்ணிலிருந்து கிடைத்த பொருளை வைத்துப் பழங்கால மக்களைப் பற்றி என்னென்ன சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று ஆராய்வது தொல்லியல் கோட்பாடு. களப்பணியில் நாட்டமுள்ள மாணவர்கள் பலர் இதைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் எங்கே குழி போடுவது, எந்த மண்ணைச் சலிப்பது, எதைக் கழித்துக் கொட்டுவது என்று முடிவெடுக்கும்போதே ஏதோ ஒரு கோட்பாடு உள்ளே வந்துவிடுகிறது.

கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்திருந்த பழம்பொருள்களைக் கிறிஸ்டியன் தாம்சன் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று வரிசைப்படுத்தினார். அதை விளக்கும் நூல் 1836இல் வெளிவந்தது. எவையெவை ஒரே புதைகுழியில் சேர்ந்து கிடைத்தன என்று அவர் பார்த்ததால் அந்த வரிசை நிலைத்தது.

அடுத்து எழுந்தது பண்பாட்டு வரலாற்று அணுகுமுறை. ஒரே வகைப் பானையும் அணிகலனும் ஈமமுறையும் ஒரு வட்டாரத்தில் சேர்ந்து கிடைத்தால், அங்கே தனி மக்கள் கூட்டம் ஒன்று வாழ்ந்தது என்பது இதன் அடிப்படை. ஜெர்மனியின் குஸ்தாஃப் கொசின்னா இதைக் கொண்டு ஜெர்மானியரின் பூர்வீக எல்லைகளை வரையப் புகுந்தார். 1931இல் அவர் இறந்தபின் நாஜிகள் அந்த ஆய்வைத் தங்கள் இனவெறிக்குத் துணையாக்கிக்கொண்டார்கள். கார்டன் சைல்ட் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு இனவாதத்தை எதிர்த்தார். பானையில் ஏற்பட்ட மாற்றத்துக்கு மக்களின் இடப்பெயர்வே காரணம் என்று சொல்லும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

அந்தப் பழக்கத்தின் விளைவை மொகஞ்சதாரோவில் காணலாம். அங்கே முன்பே கிடைத்திருந்த எலும்புக்கூடுகளை ஆரியப் படையெடுப்பில் கொல்லப்பட்டவர்களுடையவை என்று மார்ட்டிமர் வீலர் 1947இல் எழுதினார். அரிக்கமேட்டிலும் ஹரப்பாவிலும் மண்ணடுக்குகளை அத்தனை கவனத்தோடு பிரித்துத் தோண்டக் கற்பித்தவர் அவர். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை என்பதற்கு ஆதாரமில்லை. போரின் அழிவைக் காட்டும் அடுக்கு இல்லை. படையெடுப்பு நடந்திருந்தால் காவல் நின்றிருக்க வேண்டிய கோட்டைப் பகுதியில் ஓர் எலும்புக்கூடுகூட இல்லை. புதிதாக எதையும் தோண்டாமலே ஒரு படுகொலைக் கதை சரிந்தது. மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய விவாதம் இதுவே.

1962இல் லூயிஸ் பின்ஃபோர்டு எழுதிய கட்டுரையோடு அமெரிக்காவில் 'புதிய தொல்லியல்' சூடுபிடித்தது. கருதுகோளை முன்வைத்துச் சோதி, பண்பாடு சூழலுக்கு ஈடுகொடுக்கும் விதத்தைக் காட்டு என்று அது கேட்டது. பிரான்சில் நியாண்டர்தால் மனிதரின் கற்கருவித் தொகுதிகள் இடத்துக்கு இடம், அடுக்குக்கு அடுக்கு வேறுபட்டிருந்தன. ஃபிரான்சுவா போர்து அவற்றை வெவ்வேறு கூட்டத்தாருடையவை என்றார். பின்ஃபோர்டு வெவ்வேறு வேலைகளுக்கானவை என்றார். கருவிகளை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது என்று உணர்ந்த பின்ஃபோர்டு, அலாஸ்காவின் நுனாமியுட் வேட்டையாடிகளோடு தங்கிக் கவனித்தார். அவர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எலும்பை உடைத்து உண்ணும்போது சிறு சில்லுகள் காலடியிலேயே விழுகின்றன. பெரிய துண்டுகளை முதுகுக்குப் பின்னாலோ நெருப்புக்கு அப்பாலோ எறிகிறார்கள். பழைய அடுப்பைச் சுற்றிக் கிடக்கும் எலும்புகளைப் படிக்க இப்படி ஒரு வழி பிறந்தது.

1980களில் இயன் ஹாடர் முதலியோர் இந்தப் புதிய தொல்லியலையும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பொருளுக்குப் பயன் மட்டுமின்றி, அதைக் கையாண்டவர்கள் ஏற்றிய அர்த்தமும் உண்டு என்பது அவர்கள் வாதம். 1984இல் மார்கரெட் காங்கியும் ஜேனட் ஸ்பெக்டரும், ஆண் வேட்டையாடினான், பெண் வீட்டோடு இருந்தாள் என்ற இக்கால எண்ணம் பழங்காலத்தின்மீது ஏற்றப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். 1993இல் துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில் ஹாடர் தொடங்கிய அகழாய்வில், தோண்டுபவர்கள் அளவுப் படிவங்களோடு நாட்குறிப்பும் எழுதினார்கள். குழியருகே நடந்த விவாதங்கள் வீடியோவில் பதிவாயின. என்ன எண்ணத்தோடு ஒரு தளம் தோண்டப்பட்டது என்பதும் அங்கே ஆவணத்தில் சேர்ந்தது.