எந்த நாடு நல்ல நாடு? கடல் கடந்த நம் முன்னோரின் வரவு செலவு

சென்ற மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, எந்த நாட்டுக்குப் போனா நல்லா இருக்கலாம்? துபாயா, சிங்கப்பூரா, லண்டனா?" அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்தவன். பக்கத்தில் சமூகவியல் படிக்கும் தங்கை ஒருத்தி, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த ஒரு பாட்டி சொன்னார்: "எங்க அப்பாரு கண்டிச்சீமைக்குப் போனாரு. போகும்போதும் கடன், வரும்போதும் கடன்."

அந்தப் பாட்டியின் ஒரு வரியில் நம்முடைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. "எந்த நாடு?" என்ற கேள்வி நம் சேரிகளுக்குப் புதிதல்ல. ஆனால் வரலாற்றைப் படித்தால், அதைவிட முக்கியமான வேறு சில கேள்விகள் கண்ணில் படும். உன்னைக் கூட்டிப்போகிறவர் யார்? கடன் யாரிடம்? உன் காகிதம் யார் கையில்? திரும்பி வந்தால் உனக்கு இங்கே என்ன இருக்கிறது?

ஏன் போனார்கள்?

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834இல் ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை அப்படித்தான் பிறந்தது. அதே காலத்தில் தஞ்சை, திருச்சி, செங்கல்பட்டு, வடஆற்காடு பகுதிகளில் நம் மக்கள் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தார்கள். குடியிருந்த மனைகூட மிராசுதாருடையது. 1843இல் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. ஆனால் சட்டம் மாறியதே தவிர, நிலம் கைமாறவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் மிச்சமிருந்ததையும் துடைத்துக்கொண்டு போனது.

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று சாத்திரம் பயமுறுத்தியது. நமக்குக் கெடுவதற்கு என்ன இருந்தது? இழக்க ஒன்றுமில்லாதவன் முதலில் கப்பலேறினான். ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பதால் மிராசுதார்களுக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பிடிக்காமல் போனதிலிருந்தே அதில் நமக்கு ஏதோ ஒரு விடுதலை இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நேட்டால்: அடித்தார்கள், ஆனால் கலந்தோம்

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. நம் மக்களின் சாதிப் பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, ரேஷன், தங்க இடம். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் சவுக்கடி, கூலிப் பிடித்தம், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் தங்கியவர்கள் மீது 1895இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தார்கள். அதாவது, சுதந்திரமாக இருப்பதற்கே ஒரு விலை. 1913 வேலைநிறுத்தத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் இறங்கிய பிறகுதான் 1914இல் அந்த வரி ஒழிந்தது. அதை ஒழித்தவர்கள் அந்தக் கூலிகளே. பாடப்புத்தகத்தில் ஒரு தலைவரின் பெயர் மட்டும் இருந்தால் அது பாதி வரலாறு.

இவ்வளவு கொடுமைக்கு நடுவிலும் நேட்டாலில் ஒன்று நடந்தது. ஆள்பிடிப்பவர்கள் தனித்தனி ஊர்களிலிருந்து தனித்தனி ஆட்களைச் சேர்த்தார்கள். ஒரே கப்பலில் பல சாதிகள், பல மொழிகள். ஒரே பாத்திரத்துச் சோறு. தோட்டத்தில் ஒரே வரிசை வீடு. ஊர்த் தெரு, சேரித் தெரு என்ற அமைப்பை அங்கே அப்படியே நட்டுவைக்க முடியவில்லை. இறங்கிய பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. சாதி முழுதாகச் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் முதுகெலும்பு அங்கே முறிந்தது. அதே மண்ணில் வெள்ளை நிறவெறி வேறொரு நுகத்தடியைக் கழுத்தில் வைத்தது. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கறுப்பர்களோடு இந்தியர்களையும் கட்டிய வீடுகளிலிருந்து துரத்தியது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் கரும்பு வெட்டிய நிலம் ஜூலு மக்களின் நிலம்.

இலங்கை: கங்காணியோடு சாதியும் ஏறியது

பாட்டி சொன்ன கண்டிச்சீமை வேறு கதை. அங்கே எழுத்து ஒப்பந்தத்தைவிடக் கங்காணியே முக்கியம். கங்காணி தன் ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, உறவு உறவாகக் கூட்டிப்போவான். முன்பணம் கடனாக ஏறும். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அதே கணக்கில் சேரும். அவன்கீழ் இருப்பவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைக்கும். தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமென்றால் அவன் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். பேச்சுவழக்கில் சொன்னால், ஆள் விற்பனைதான். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதி நம் மக்கள். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். உறவோடும் ஊரோடும் கூட்டிப்போனதால் லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. கோயில் திருவிழாவில் யார் தேர் இழுப்பது, யார் பறையடிப்பது என்பதும் ஊரில் இருந்தபடியே தொடர்ந்தது. கூலி இரண்டு இடத்திலும் கூலிதான். ஆனால் நேட்டாலில் கப்பல் சாதியைக் கலைத்தது. இலங்கையில் கங்காணி அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சாதி தானாகக் கடல் தாண்டுவதில்லை, ஆள் சேர்க்கும் சங்கிலி வழியாகத்தான் தாண்டுகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காடு திருத்தித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நீலகிரிக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தவர்களை நாம் என்ன பெயரில் கூப்பிட்டோம்? 'சிலோன்காரங்க.' அங்கே இந்தியக் கூலி, இங்கே சிலோன்காரன்.

பர்மாவிலும் மலேயாவிலும் நடந்தது இதன் வேறு வடிவங்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே தப்பினார்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலையில் மாண்டார்கள். உழைப்புக்கு அழைத்த நாடு ஆபத்துக்கு உடன் நிற்கும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

திரும்பி வந்தவை

அப்படியென்றால் போனது வீணா? இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குப் பர்மாவிலும் இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர்கள் இருந்தார்கள். ஆண்டையின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கையில் சேர்ந்த காசு, பத்திரிகைச் சந்தாவாகவும் பௌத்த சங்கமாகவும் மாறியது.

1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் நடத்திய இரட்டைமலை சீனிவாசன் 1900இல் ஊரைவிட்டுப் புறப்பட்டார். லண்டன் போக நினைத்தவர் ஆப்பிரிக்காவில் தங்கி, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. சென்னைச் சட்டமன்றத்துக்குள் போய், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கரோடு உட்கார்ந்தார்.

பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகள், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே அழித்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். அது கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்திருந்த அமெரிக்கா என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவருக்கு மூச்சுவிட இடம் தரும் நாடு இன்னொருவரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டுப் பட்டம் ஊரில் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்புதான் பிறகு கதவையே உடைத்தது.

இன்றைய கங்காணி, இன்றைய துண்டு

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். வளைகுடாவில் கூலி இங்கிருப்பதைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்தில் சேரிகளில் எழுந்த மாடி வீடுகளையும், கல்லூரிக்குப் போன பெண்பிள்ளைகளையும் நான் தினமும் பார்க்கிறேன். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் அங்கே எவ்வளவு காலம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. அதுதான் கஃபாலா. வேலை மாற முதலாளியின் சம்மதம் தேவையில்லை என்று கத்தார் 2020இல் சட்டம் மாற்றியது. சவூதி 2021இல் செய்த சீர்திருத்தத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சேர்க்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. உள்ளூர் ஏஜென்ட் கேட்கும் பணத்துக்கு வட்டிக்கு வாங்கி விமானம் ஏறினால், முதல் ஆண்டுச் சம்பளம் யாருடையது? பெயர்தான் மாறியிருக்கிறது. கங்காணி ஏஜென்ட் ஆனான், துண்டு விசா ஆனது.

லண்டனிலும் அமெரிக்காவிலும் குடியுரிமைக்கு வழி உண்டு, நல்ல நூலகம் உண்டு, பெயர் சொன்னதும் தெரு கேட்காத ஊர் உண்டு. ஆனால் அங்கேயும் சங்கிலி இருக்கிறது. வேலைக்குப் பரிந்துரைப்பவர், அறை பகிர்பவர், மேலதிகாரி என எல்லோரும் நம் ஊர்க்காரராக இருந்தால் "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வியும் வந்து சேரும். பிரிட்டனில் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. 2018இல் அரசு கைவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அதேபோன்ற மசோதாவுக்குக் கையெழுத்திட மறுத்தார். சாதிக்கு எதிராக அங்கே சட்டம் தேவைப்படுகிறது என்பதே, சாதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

தங்கைக்கு இன்னொரு செய்தி. பட்டியல் சாதி மாணவர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுக்கு அதில் உதவி இல்லை என்றார்கள். பொறியியல் படிக்கப் போகலாம், சாதியைப் படிக்கப் போகக் கூடாது. பாபாசாகேப் கொலம்பியாவில் வாசித்த முதல் கட்டுரைகளில் ஒன்றே இந்தியாவின் சாதிகளைப் பற்றியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே, தோழர்களே, போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஊரில் இருந்து அடிபடு என்று சொல்ல நான் மிராசுதார் அல்ல. போவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். ஏஜென்டுக்கு அரசு உரிமம் இருக்கிறதா? பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் குடிபெயர்வு அனுமதி வாங்காமல், சுற்றுலா விசாவில் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கட்டும், பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். நிலத்தை விற்றுப் போகாதீர்கள். திரும்பி வர ஒரு காணி இல்லாமல் போனவர்களின் கதி என்ன என்பதை 1964 சொல்லிவிட்டது. போன இடத்தில் நம் சாதிக்காரனை மட்டும் தேடாமல் சங்கத்தைத் தேடுங்கள்.

தம்பிக்கு அன்று ஒரு நாட்டின் பெயரை நான் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் வந்தவன், ஏஜென்டிடம் உரிம எண் கேட்டதாகவும், அதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை என்றும் சொன்னான். பாட்டி சிரித்தார். "எங்க அப்பாருக்கும் யாராச்சும் எழுதிக் குடுத்திருக்கலாம்" என்றார்.

ஜெய்பீம்.