வலை பொத்தியதற்கு 62 புள்ளி

திருகோணமலை, திருக்கடலூரில் என் பெரியம்மா வாழ்ந்த வீட்டைச் சென்ற ஆண்டு விற்க நேர்ந்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். சாமான்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தகரப் பெட்டியொன்றின் அடியில், கறையான் அரித்தது போக எஞ்சிய ஒரு கொப்பி கிடந்தது. பெரியம்மாவின் மூத்த மகனான அண்ணனின் கையெழுத்தில் அட்டையில் இவ்வாறு எழுதியிருந்தது: ‘தொழில் முன்னிலைப் பாடம் – மீன்பிடி. தரம் 9. 1975.’

உள்ளே முடிச்சு வகைகளின் படங்கள். கரைவலையின் இரு கைகளும் மடியும் அளவுகளோடு வரையப்பட்டிருந்தன. சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர்கள். எந்த மாதத்தில் எந்த மீன் படும் என்றொரு அட்டவணை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 62 என்றிருந்தது. பத்து வயது முதலே தந்தையோடு கடலுக்குப் போய் வந்தவர் அண்ணன். அவருக்கு மீன்பிடியில் 62 புள்ளி. அதே வகுப்பில் முதலாவதாக வந்தவர் கச்சேரி எழுதுவினைஞர் ஒருவரின் மகன் என்று அண்ணன் பின்னாளில் சொல்லிச் சிரித்ததுண்டு.

இந்தப் பாடத்தின் கதை நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் எழுந்த கிளர்ச்சியை நம்மவர் ‘சேகுவேரா கலகம்’ என்பர். அதில் இறங்கியோரில் மிகப் பலர் படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையிலான குழுவொன்று இலங்கைக்கு வந்து ஆராய்ந்தது. பாடசாலை வளர்த்துவிடும் எதிர்பார்ப்பும் நாட்டில் உண்மையாக உள்ள வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அக்குழுவின் கணிப்பு. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராகவும் பிரேமதாச உடகம அமைச்சின் செயலாளராகவும் இருந்த அக்காலத்தில், 1972இல், பாடசாலைக் கல்வி தலைகீழாக மாற்றப்பட்டது. க.பொ.த. சாதாரணதரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. மக்கள் அதை என்.சி.ஜி.ஈ. என்றே அழைத்தனர். முதற் பரீட்சை 1975 டிசம்பரில் நடந்தது.

மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு தொழில் முன்னிலைப் பாடங்களையும் ஒவ்வொரு மாணவனும் கற்க வேண்டும் என்பது அந்தச் சீர்திருத்தத்தின் புதுமை. எந்தத் தொழில் என்பதைப் பாடசாலை அமைந்துள்ள சூழலே தீர்மானிக்கும். கடலோரத்தில் மீன்பிடி, களிமண் கிடைக்கும் ஊரில் மட்பாண்டம், வேறோரிடத்தில் தச்சு, நெசவு, விவசாயம். ஊரார் கைத்தொழிலுக்குப் பரீட்சைப் புள்ளி உண்டு என்று அரசே அறிவித்தது. தாளில் வாசிக்கும்போது அதில் ஒரு குறையும் காண முடியாது. இன்றும் எனக்கு அந்த எண்ணத்தின்மேல் ஒரு மதிப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, அது திருக்கடலூரில் எப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதற்கு வருவோம்.

எனக்கு அப்போது ஏழு வயது. பெரியப்பா முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பாடசாலையில் வலை பொத்தப் பழக்குகிறார்கள் என்று அண்ணன் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தார். “வலை பொத்த நான் காட்டிக் குடுக்க மாட்டனா? அதுக்கேன் சப்பாத்தும் வெள்ளைக் களிசானும்?” என்று கேட்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “இவன இங்கிலீசு படிக்கத்தான் அனுப்பினது” என்றார். அன்று சாப்பாட்டின்போது அவர் யாருடனும் பேசவில்லை.

அந்தக் கோபம் அறியாமையால் வந்ததன்று. அதற்குக் காரணம் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. என் தாய்வழிப் பாட்டனார் கடற்படையின் டொக்யாட்டில் பிற்றராக இருந்தவர். இரும்பைத் தொட்டாலே அதன் குணம் சொல்லும் கை என்பர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. கையில் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் கொழும்புக்குப் போய் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். பாட்டனாரிடம் கை இருந்தது, கடதாசி இல்லை. உட்துறைமுக வீதியில் சைக்கிள் திருத்தும் கடையோடு அவர் காலம் கழிந்தது. அவருடைய மருமகனான பெரியப்பா இதைக் கண்ணால் கண்டவர். தொழில் தெரிந்தவனை உலகம் எங்கே வைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பாடசாலை என்பது அந்த இடத்திலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கும் ஏணி. அந்த ஏணியின் நடுப்படியிலேயே மீண்டும் வலையைக் கொண்டுவந்து வைத்தால் அவர் என்ன நினைப்பார்?

தமிழகத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தை அரை நாளாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டுப் போராடினர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். இலங்கைத் திட்டம் அத்தகையதன்று. எழுதுவினைஞர் மகனும் வலை பொத்தினான். அது எல்லோருக்கும் பொது. ஆனால் சாதி ஊறிய ஒரு சமூகத்தில் கடற்றொழிலாளியின் மகனுக்கு ‘மீன்பிடி படி’ என்று சொல்லும்போது, சொல்பவர் என்ன எண்ணுகிறார் என்பதைவிடக் கேட்பவர் காதில் என்ன விழுகிறது என்பதே நிலைக்கிறது.

காலமும் கூடாத காலம். 1970இல் பேராதனைப் பொறியியல் பீட அனுமதிக்குச் சிங்களமொழி மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. (மாவட்ட ஒதுக்கீட்டால் திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் நன்மையும் அடைந்தனர். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிப்பர்; ஆயினும் உண்மை உண்மைதான்.) மேற்படிப்பின் வாசல் குறுகுகிறது என்று தமிழர் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே அமைச்சரின் கையெழுத்தோடு, ‘உங்கள் பிள்ளைகள் தொழில் பழகட்டும்’ என்ற செய்தி வந்தது. இரண்டையும் மக்கள் சேர்த்தே வாசித்தார்கள். சிங்களக் கிராமங்களிலும் பெற்றோர் இதை விரும்பவில்லை என்பது வேறு விடயம். அவர்களுக்கும் பிள்ளை எழுதுவினைஞனாக வேண்டும் என்பதே கனவு.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் ஃபொஸ்டர் என்னும் அறிஞர் 1965இலேயே இதை எழுதிவிட்டார். பெற்றோர் ஏட்டுக்கல்வியைத் தேடுவது மூடத்தனத்தால் அன்று; சம்பளமும் மதிப்பும் அங்கேதான் இருக்கின்றன என்பதை அவர்கள் சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்; பாடத்திட்டத்தை மாற்றி அந்தக் கணக்கை மாற்ற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெரியப்பா ஃபொஸ்டரை வாசித்தவரல்லர்.

பாடம் நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அண்ணனின் வகுப்புக்கு வந்த மாஸ்டர் நல்லவர். ஆனால் அவர் விஞ்ஞான பட்டதாரி, உள்ளூர்க்காரர் அல்லர், கடலைக் கரையில் நின்று பார்த்தவர். முதல் தவணையில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச்சென்று கரைவலை இழுப்பதைக் காட்டினார். தெற்கில் சோளகம் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நம் கீழைக்கரை அமைதியாக இருக்கும். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து தொழிலாளர் வந்து வாடியடித்துத் தொழில் செய்யும் காலம் அது. சம்மாட்டி ஒருவர் பிள்ளைகளுக்கு மடியைப் பிரித்துக் காட்டி விளக்கினாராம். அந்த ஒரு நாளைப் பற்றி அண்ணன் இன்றும் பேசுவார். அதன் பிறகு எல்லாம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பரீட்சை என்றால் எழுத்துவினா. எழுத்துவினா என்றால் குறிப்பு. குறிப்பு என்றால் மனனம்.

கொப்பியின் ஓரங்களில் சிவப்புத் திருத்தங்களைப் பார்த்தேன். அண்ணன் ‘கொண்டல்’ என்று எழுதிய இடத்தில் அது வெட்டப்பட்டு ‘கீழைக்காற்று’ என்றாக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வழங்கிய மீன்பெயர்கள் நான்கைந்து அடிக்கோடிடப்பட்டு, பக்கத்தில் கேள்விக்குறி. ஊர்த் தொழிலுக்கு மதிப்புத் தர வந்த பாடம் ஊர்த் தொழிலின் சொற்களுக்குப் புள்ளி குறைத்தது. எழுதுவினைஞர் மகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு மீன்பிடி என்பது முதல் நாளிலிருந்தே புத்தகத்தில் உள்ள ஒன்று.

1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசு என்.சி.ஜி.ஈ.யைக் கைவிட்டு க.பொ.த. சாதாரணதரத்துக்கும் உயர்தரத்துக்கும் திரும்பியது. ஐந்தாறு ஆண்டுப் பரிசோதனை, அவ்வளவுதான். தமிழ்ப் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். என் தந்தையாரும் விட்டிருப்பார். இடையில் அகப்பட்ட அந்தச் சில தொகுதி மாணவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் கையில் இருந்த சான்றிதழ், வழக்கொழிந்த நாணயம் போலாயிற்று. வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம், ‘இது ஓலெவலுக்குச் சமமா?’ என்று அண்ணனிடம் கேட்டார்களாம். சமந்தான். ஆயினும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது.

அவர் மீண்டும் கடலுக்குப் போனார். 1983க்குப் பின் கடலும் அடைபட்டது. பாதுகாப்புத் தடைகள், சோதனைகள், சுடப்பட்ட வள்ளங்கள். 1986இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார்.

நோர்வேக்கும் நம் மீன்பிடிக்கும் பழைய உறவு உண்டு. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இலேயே அங்கு சென்றவர். பின்னர் நோர்வேஜிய நண்பர்களுடன் சேர்ந்து 1967இல் சீ-நோர் திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடக்கியவர். அவர் வழியமைக்க, நம் இளைஞர்கள் பலர் ‘மக்கள் உயர்நிலைப் பாடசாலை’ மாணவர்களாக அந்த நாட்டுக்குள் நுழைந்தார்கள். அப்பாடசாலைகளில் பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. அண்ணனும் ஓராண்டு அங்கே தங்கிவிட்டு வடகோடியிலுள்ள ஃபின்மார்க்குக்குப் போனார். அங்குள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் அக்காலத்தில் எத்தனையோ தமிழர் வேலை செய்தனர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொழிலில் ஏறத்தாழ ஐந்து ஆண்டு வேலை செய்தவர், அத்தொழிலுக்குரிய பாடசாலைக்குப் போகாமலே, கோட்பாட்டுப் பரீட்சை ஒன்றையும் செய்முறைத் தேர்வையும் கடந்து தொழிற்சான்றிதழ் பெறலாம். பாடசாலை வழியாகப் பெற்றவருடைய சான்றிதழுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அதே கடதாசி, அதே சம்பளப் படி. அண்ணன் அதைப் பெற்றார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை ஒருமுறை அவர் வீட்டில் கண்டேன். 1975இல் நம் அமைச்சு செய்ய நினைத்ததும் ஏறக்குறைய இதைத்தான். அங்கே அந்தக் கடதாசிக்கு வெளியே ஒரு வேலையும் கூலியும் காத்திருந்தன. நமது பாடத்துக்கு வெளியே காத்திருந்தது பல்கலைக்கழக அனுமதிப் பட்டியல் ஒன்று. அதில் மீன்பிடிக்குக் கட்டம் இல்லை.

அதன் பிறகும் நம் நாட்டில் முயற்சிகள் நின்றுவிடவில்லை. இன்று க.பொ.த. சாதாரணதரத்தில் கட்டாயப் பாடங்கள் ஆறு போக, மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு விருப்பப்பாடம் தெரிவு செய்ய வேண்டும். மூன்றாம் தொகுதியில் நீர்வாழ் உயிரின வளம் பற்றிய தொழினுட்பப் பாடமும் ஒன்று. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. 2017இல் 13 ஆண்டுக் கட்டாயக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாதாரணதரத்தில் சித்தியடையாதவரும் தரம் 12க்குப் போய்த் தொழிற்பாடங்கள் கற்றுத் தேசியத் தொழிற் தகைமை நோக்கிச் செல்லலாம். 2025இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் பாட அலகுகள், கிரெடிட் புள்ளிகள் என்று புதிய மொழி பேசுகிறது. கடற்கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு இம்முறை போயிருந்தேன். மூன்றாம் தொகுதியில் பிள்ளைகள் என்ன எடுக்கிறார்கள் என்று கேட்டேன். தகவல் தொழினுட்பம் என்றார் அதிபர். கடல் பற்றிய பாடம் இல்லையா என்றேன். “பாடம் இருக்குது சேர், ஆசிரியர் இல்ல” என்றார். கேட்கும் பெற்றோரும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கியது. அவருடைய அறையின் யன்னலால் வள்ளங்கள் கரையேறுவது தெரிந்தது.

அன்றிரவு கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன். அவருக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். அரை மணி நேரத்தில் தொலைபேசியில் வந்தார். பெரியம்மாவையும் வீட்டையும் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, கரைவலைப் படம் உள்ள பக்கத்துக்கு வந்தார்.

“மடிக்குப் போட்ட கண்ணளவு பிழையடா. அந்தளவில வலை பின்னினா நெத்தலியெல்லாம் வெளிய போயிடும். மாஸ்டரும் சரி போட்டிருக்கிறார், பாத்தியா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் சரி அடையாளம் இருந்தது.