இரண்டு காம்புகள்

நாஞ்சில் நாட்டு சங்கீதம் என்றால் சுசீந்திரத்து இசைத்தூண்கள்தாம் பலருக்கும் நினைவு வரும். நாகர்கோவில் ஹோம் சர்ச்சையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் 1819இல் அஸ்திவாரமிட்ட கோயில் அது. மேல்நாட்டு சங்கீதம் நம் ஊர்க் காதுக்குப் பழகியது இத்தகைய கோயில்களில்தான்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் ராக தாளத்தோடு ஒரே வழியில் செல்பவை. மேல்நாட்டு மெட்டுப் பாமாலைகளுக்கோ சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஐந்து கோடு போட்டால் காகிதம் தாங்காது. ஆர்கன் வாசிப்பவரின் கண்ணும் தாங்காது. ஆகவே, 1861இல் வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்ஷன்ட் அண்ட் மாடர்ன்' போன்ற புத்தகங்களில் குரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இரண்டே வரிசையில் அச்சிட்டார்கள்.

சேர்த்தபின் எது யாருடைய ஸ்வரம்? புள்ளியோடு நிற்கும் சிறு காம்புதான் அடையாளம். சோப்ரானோவின் காம்பு மேல்நோக்கி நிற்கும். ஆல்ட்டோவின் காம்பு கீழ்நோக்கி. ஆல்ட்டோ சில சமயம் சோப்ரானோவைத் தாண்டி ஏறினாலும் காம்பு திசை மாறாது. இருவரும் ஒரே ஸ்வரத்தில் நின்றால் புள்ளி ஒன்று, காம்பு இரண்டு. இன்று கம்ப்யூட்டரில் இரண்டு புல்லாங்குழல்களை ஒரே வரிசையில் சேர்ப்பவர்களுக்கும் இதுவே விதி.

சின்ன விதிதான். ஆனால் இந்த மண்ணில் நாடார் பெண்களின் மேலாடைக்காக 1859 வரை போராட்டம் நடந்தது. சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்க 1926இல் சத்தியாக்கிரகம் தேவைப்பட்டது. கோயிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருக்க நேர்ந்தது. சேர்ந்து நிற்பதற்கே தடை இருந்த ஊர் இது. சேர்த்துக்கொள்ள முன்வந்தவர்களிலும், உன் குரலை என் குரலில் கரைத்துவிடு என்றவர்கள் உண்டு. ஐந்து கோடு அப்படிக் கேட்பதில்லை. இடம் பொது, காம்பு மட்டும் அவரவருடையது.