பிரிந்த துறைகளை இணைத்த ஆசான்: திருகோணமலையும் விபுலாநந்த அடிகளும்

1. களம்

திருகோணமலை நகரின் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் 1925இல் பொறுப்பேற்க, சுவாமி விபுலாநந்தர் அதன் அதிபரானார். சில ஆண்டுகளே அங்கிருந்தார். முன்னர் மானிப்பாய், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் (1931–33), இறுதியில் இலங்கைப் பல்கலைக்கழகம்: எங்கும் அவர் நெடுநாள் தங்கவில்லை. அப்படியிருந்தும் கிழக்கிலங்கையின் கல்வியில் அவர் செல்வாக்கு இன்றும் குன்றாதிருப்பது ஏன்?

2. ஆசானின் உருவாக்கம்

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் (விபுலாநந்தரின் இயற்பெயர்), 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. இரசாயனம் படிப்பித்தவரே சிலப்பதிகாரமும் படிப்பித்தார். இரண்டும் ஒரே மனத்தில் அடங்கும் என்பதற்கு மாணவர் கண்முன் அவரே சான்றாக நின்றார். அவருடைய செல்வாக்கின் வேர் இதுவே என்பது என் துணிபு.

3. செயல்முறை

3.1 பாரதியை வித்துவான்கள் பலர் புலவராகவே ஏற்காத நாளில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவரிடையே பாரதி கழகம் அமைத்தார். அருகிலுள்ள திருவேட்களத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பேராசிரியர் பதவிக்கு இது தகுமா என்று அவர் தயங்கவில்லை.

3.2 அவர் எழுதிய யாழ் நூல் அவருடைய பணிகளுள் தலையாயது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் கிடந்த இசைக் குறிப்புகளை, பௌதிகமும் கணிதமும் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சுருதிகளின் விகிதங்களைக் கணக்கிட்டு, மறைந்துபோன யாழ்களின் வடிவை மீட்க முயன்றார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அவர் கணக்குப்படி செய்த யாழ்களை க. பொ. சிவானந்தம் மீட்டினார். யூலை 19இல் அடிகள் மறைந்தார்.

4. நிலைபேறு

கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் தலைமுறைகளைக் கடந்து நடக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பெருமைதான். எனினும் யாழ் நூலின் கணக்குகளைச் சரிபார்த்துத் தொடர, இசையும் கணிதமும் ஒருசேரப் பயின்ற மாணவர் வேண்டும். நம் பாடசாலைகளோ அவ்விரண்டையும் உயர்தர வகுப்பிலேயே வெவ்வேறு பிரிவுகளாக்கிவிடுகின்றன. திருகோணமலையிலாவது ஒரு கல்லூரி இந்த வேலியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும்.