கித்தார்க் கலையின் ஸனது

ஆசிரியரின் நாவிலிருந்து மாணவரின் நெஞ்சுக்கு வந்து சேர்வதே நிறைவான கல்வி என்பது நம் முன்னோர் கொண்ட முடிபு. ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று ஒவ்வொருவராக வினவிச் சென்றனர். அப்பெயர்த் தொடரையே 'ஸனது' என்கிறோம். திருமறையை ஓதக் கற்பதும் இவ்வாறே. தஜ்வீது நூல்கள் எத்தனை இருப்பினும், 'ளாது' எனும் எழுத்தின் ஒலியை உஸ்தாதின் வாயைப் பார்த்தும் கேட்டுமே மாணவர் பெறுகிறார்.

இம்முறை கல்விக்கூடங்களுக்கு மட்டுமே உரியது என எண்ண வேண்டா. எழுத்தே மறுக்கப்பட்ட ஒரு சமுதாயமும் தன் செல்வத்தை இவ்வழியிலேயே காத்துக்கொண்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் வளர்த்த கித்தார் வாசிப்பின் வரலாறு அதற்குச் சான்று. இசைக்கருவிகள் பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஈண்டு நம் பொருளன்று. அதில் அறிஞர் பெருமக்களிடையே நிலவும் கருத்துகளை வாசகர் அறிவர். ஒரு கலை எவ்வாறு கைமாறியது, அதனை ஈந்தோரின் பெயர்கள் என்ன ஆயின என்பதையே நாம் நோக்குகிறோம்.

எழுத்து மறுக்கப்பட்டோர்

1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே கடுமையான சட்டமொன்று பிறந்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதையும், அவர்கள் முரசு, கொம்பு முதலிய பேரொலிக் கருவிகளை வைத்திருப்பதையும் அச்சட்டம் தடுத்தது. ஆயின், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோருள் எழுத வல்லார் பலர் முன்னரே இருந்தனர் என்பதும், அவர்கள் எழுதியது அரபி என்பதும் நாம் மறக்கலாகாத செய்திகள்.

ஸெனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூத்தா தோரோ நாட்டில் பிறந்த உமர் இப்னு ஸயீத், 25 ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டார். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அக்கையெழுத்துப் பிரதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. ஜார்ஜியா மாநிலத்துச் ஸப்பேலோ தீவில் அடிமையாயிருந்த பிலாலி முஹம்மது, கைரவான் நகர் இப்னு அபீ ஸைதின் மாலிகி சட்டநூலான 'ரிஸாலா'வைத் தழுவிய பகுதிகளைத் தம் கைப்பட எழுதிவைத்தார்.

இவர்கள் வந்த மேற்கு ஆப்பிரிக்க நிலத்தில், சுரைக்குடுக்கையிலோ குடைந்த மரத்திலோ தோல் போர்த்தித் தந்தி பூட்டிய கருவிகள் வழங்கின. 'பேஞ்சோ' எனும் அமெரிக்கக் கருவி அவற்றின் வழித்தோன்றலே. முரசு தடுக்கப்பட்ட இடத்தில் தந்தி வாழ்ந்தது. ஓர் எழுத்தை நீட்டி அலையலையாக வளைத்துத் தனிக்குரலில் பாடும் 'புளூஸ்' பாணியில் ஸாஹில் பகுதி முஸ்லிம்களின் ஓசை மரபு கலந்துள்ளது என்று கெர்ஹார்டு கூபிக் 1999இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் காட்டினார். வயற்காட்டுக் கூவல் பாட்டுகளில் பாங்கோசையின் சாயல் உண்டென்பது ஸில்வியான் தியூஃபின் கருத்து. இதனைக் கொண்டு அக்கலை முழுவதும் நம்முடையதே என உரிமை கொண்டாடுவது வரம்பு மீறலாகும். அடிமைகளுள் பல சமயத்தார் இருந்தனர். ஐரோப்பியப் பாடல்களும் அதிற் கலந்தன. 'கித்தார்' எனும் பெயரே கிரேக்கத்தில் பிறந்து, அரபியில் 'கீதாரா' என வழங்கி, ஸ்பெயின் வழியாக மேலை மொழிகளுக்குச் சென்றதன்றோ?

கட்டைவிரலின் நடை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஞ்சல்வழி வணிகத்தால் மலிவான கித்தார்கள் ஏழையர் குடில்களையும் எட்டின. வட கரோலினாவில் 1893இல் பிறந்த எலிஸபெத் காட்டன், சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் தம் கித்தாரை வாங்கினார். விலை 3 டாலர் 75 சென்ட். அவர் இடக்கைக்காரர். வலக்கையாளருக்காகத் தந்தி பூட்டிய கருவியைத் தலைகீழாகப் பிடித்து, பிறர் கட்டைவிரலால் வாசிப்பதை மற்ற விரல்களாலும், பிறர் விரல்களால் வாசிப்பதைக் கட்டைவிரலாலும் வாசித்தார்.

இக்கலையின் நுட்பம் தந்தியை மீட்டும் கையில் உள்ளது. ஆறு தந்திகளுள் தடித்தவற்றில் கட்டைவிரல் மாறி மாறி, வழிநடப்போனின் காலடிபோல் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்கும். சுட்டுவிரலோ மெல்லிய தந்திகளில் பாட்டின் ஓட்டத்தை எழுப்பும். சிலபோது அக்காலடியோடு சேர்ந்தும், சிலபோது இரு காலடிகளுக்கு இடையிலும் அது விழும். ஒருவர் வாசிக்க, இருவர் வாசிப்பதாகச் செவி மயங்கும். பயில்வோர் முதலில் கட்டைவிரலை மட்டும் பழக்குவர். கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் அது தடுமாறாது நடக்கும் நிலை வந்த பின்னரே சுட்டுவிரலைச் சேர்ப்பர். அவசரப்படுவோரின் கட்டைவிரல் பாட்டின் பின்னே ஓடித் தன் நடையை இழந்துவிடும். தந்திகளைக் கோடுகளாக வரைந்து, விரல் வைக்க வேண்டிய இடத்தை எண்ணால் குறிக்கும் முறை 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினிலேயே உண்டு. ஆயின் அவ்வெண்கள் விரலின் இடத்தைக் காட்டுமேயன்றி, அந்நடையின் அசைவைக் காட்டா. அதற்கு ஆசிரியர் வேண்டும்.

அறிவித்தவர் யார்?

கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இந்நடைக்கு ஒரு ஸனதே உண்டு. உலகப் புகழ் பெற்ற செட் அட்கின்ஸ் (1924-2001) இதனை மெர்ல் டிராவிஸிடமிருந்து (1917-1983) பெற்றார். டிராவிஸ், சுரங்கத் தொழிலாளரான மோஸ் ரேகரிடமும் ஐக் எவர்லியிடமும் கற்றார். அவர்களுக்கு முன்னவர் கென்னடி ஜோன்ஸ். ஜோன்ஸ் கண்டு கற்றவர்களுள் ஒருவர் ஆர்னால்டு ஷுல்ட்ஸ். 1886இல் பிறந்து 1931இல் மறைந்த இக்கறுப்பினத் தொழிலாளியின் வாசிப்பு ஒரே ஓர் இசைத்தட்டிலும் பதிவாகவில்லை.

இத்தொடரில் சுவையான ஒரு செய்தியும் உண்டு. அட்கின்ஸ் டிராவிஸின் வாசிப்பை முதலில் வானொலியில்தான் கேட்டார். டிராவிஸ் கட்டைவிரலோடு சுட்டுவிரல் ஒன்றையே பயன்படுத்தினார். கையைக் காணாத அட்கின்ஸ், இத்தனை ஒலியை ஒரு விரல் எழுப்பாது என்று கருதி, மேலும் பல விரல்களைப் பழக்கிக்கொண்டார். அதுவே அவருக்கெனத் தனிப் பாணியாயிற்று. காதால் மட்டும் கேட்டதற்கும் கண்ணாரக் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஹதீஸ் கலை வல்லார் ஏன் அத்துணை நுணுகி ஆராய்ந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

தொடரில் பெயர் விடுபடுவதும் நேர்ந்தது. 1927இல் பிரிஸ்டல் நகரில் பாடல்களைப் பதிவு செய்து புகழ்பெற்றது கார்ட்டர் குடும்பம். அக்குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாடல்கள் தேடி அலைந்தபோது, உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் எனும் கறுப்பின இளைஞர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் இசையை நெஞ்சில் பதித்து வந்து சேர்ப்பார். மேபெல் கார்ட்டரும் அவரிடமிருந்து விரல் நுட்பங்கள் கற்றார். இசைத்தட்டுகளிலோ ரிடிலின் பெயர் இல்லை. பின்னாளில் மேபெல் தாமே அப்பெயரைக் கூற, மைக் ஸீகர் என்பார் 1965இல் அவரைத் தேடிக் கண்டு, அவர் பாடல்களைப் பதிவு செய்தார். மாணவரின் ஒரு சொல், மறைந்துபோகவிருந்த ஆசிரியரை மீட்டது.

கேரி டேவிஸ் (1896-1972) எனும் பாதிரியார் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். நியூயார்க்கில் தம் இல்லத்தில் 5 டாலர் பெற்றுக்கொண்டு பாடம் நடத்தினார். ஒரு பாடம் சிலபோது நாள் முழுவதும் நீளும். ஏட்டையே காணாத அவரிடம் பயின்ற ஸ்டெஃபன் கிராஸ்மன் முதலிய இளைஞர், பிற்காலத்தில் அவர் பாடங்களை நூலாகவும் பதிவாகவும் உலகெங்கும் பரப்பினர். அவர்கள் தம் ஆசிரியரின் பெயரை மறைத்தாரல்லர்.

மீண்டும் உமர் இப்னு ஸயீதை நினைவுகூர்வோம். நாட்டையும் உற்றாரையும் இழந்து, விலைப்பொருளாகி, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்த பின்னர் பேனாவைக் கையிலெடுத்த அம்முதியவர், எதனை எழுதினார்? தம் சகோதரர் ஷைகு முஹம்மது ஸயீத், ஷைகு சுலைமான் கும்பா, ஷைகு ஜிப்ரீல் அப்தால் ஆகியோரிடம் கல்வி கற்றேன் என்று பெயர் பெயராகக் குறித்தார். அடிமைச் சந்தை அவரிடமிருந்து பறிக்க முடியாமற்போனது அந்த ஸனது ஒன்றே.

மனிதர்க்கு நன்றி செலுத்துவதை இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்துக் கூறியுள்ளார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். எழுத்தைச் சொல்லித் தந்தவராயினும், தையலையோ தச்சையோ கைபிடித்துப் பழக்கியவராயினும், அவர் பெயரை நம் பிள்ளைகள் அறியும்படி சொல்லி வைப்பது நம் மீதுள்ள கடன். கற்ற கலை கையில் இருந்து, கற்பித்தவர் பெயர் மறந்துபோகுமாயின், அத்தொடர் நம்மிடத்திலேயே அறுந்ததாகும். அறுத்தவர்களாக நாம் ஆகாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக!